எல்ஸ்பா பேசியதில் பாதி

வாவுர்,
ஜூன் மாதம், காற்று சற்றே ஓய்ந்த ஒரு சனிக்கிழமை.

அன்புள்ள ஹோக்னி அண்ணாவுக்கு,

தங்கை தூரி எழுதுவது. இங்கு நானும் வீட்டுக் கூரையும் நலம். இந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிவதே பெரிய விஷயம். எஸ்பியரில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்றும், அண்ணியின் முழங்கால் மாடிப்படியை ஒத்துக்கொண்டிருக்கும் என்றும் நம்புகிறேன். கணினியில் வரும் எதையும் நீங்கள் படிப்பதில்லை என்பதால் கையால் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் பேசும் விதம் உங்களுக்குத் தெரியும், நீங்கள் "ஹலோ, ஹலோ, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "குடும்பப் பேரைக் கெடுத்துட்ட. உன் அண்ணி ரெண்டு நாளா தூங்கலை. ஓலாவ் திருவிழாவுக்கு வர்றேன், செட்டைத் துடைச்சு வை, காருல ஏத்திட்டுப் போறேன்" என்று எழுதியிருந்தீர்கள். வானொலியில் பேசும் அந்த செட் உங்களுடையது. டென்மார்க்குக் குடிபோகும்போது என்னிடம் விட்டுப் போனீர்கள், திரும்பக் கேட்க உரிமை உண்டு. ஆனால் அதை எடுத்துப் போவதற்கு முன் நடந்ததை நடந்த வரிசையில் நீங்கள் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த செட் எனக்கு வேண்டும். இப்படி நான் எதையும் உங்களிடம் கேட்டதில்லை. நார்வேயில் குடியேறிவிட்ட நம் ஊர்க்காரர், உங்கள் சிநேகிதர் யோக்குப் சொன்னதை வைத்து முடிவு செய்திருக்கிறீர்கள். யோக்குப் பாதியைத்தான் கேட்டார். பேச்சுக்காகப் பாதி என்று சொல்லவில்லை, கணக்குப்படி சரிபாதி.

அவர் தன் செட்டில் கேட்டதாக உங்களிடம் சொன்னது இது. என் அழைப்புக்குறியில், ஒரு பெண் குரலில், நம் மொழியில்: "போதகர் குளிச்சிட்டு இடுப்புல துண்டோட வர்றாரு, கூடத்துல பாத்தா..." பிறகு நிசப்தம். "...நகரமாட்டேங்கறான். இவரு ரெண்டு கையாலயும் புடிச்சு இழுக்கறாரு, துண்டு..." மறுபடி நிசப்தம். "...பாட்டுக்குழு மொத்தமும் உள்ள போறோம். ரெண்டு பேரும் எங்களையே பாக்கறாங்க..." நிசப்தம். "...வெளிய தள்ளுனேன். இதுல என்ன வேடிக்கைன்னா, அவன் ஹோக்னியோட..." அத்துடன் முடிந்தது. ஹோக்னியோட யார் என்று யோக்குப் யோசித்து, உங்கள் மகன் ரோய் இங்கே நம் தீவுகளின் தலைநகரில்தான் வேலை பார்க்கிறான் என்பது நினைவுக்கு வந்து, மிகுந்த அனுதாபத்துடன் உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். ரோய் சென்ற மாதத் தொடக்கத்திலிருந்தே கிரீன்லாந்தில் மீன் எண்ணிக்கொண்டிருக்கிறான். அண்ணி இன்று இரவு தூங்கலாம். மீதியை வரிசைப்படி சொல்கிறேன்.

நீங்கள் அந்த செட்டில் முப்பது வருடம் வாயால் பேசினீர்கள். பேசுவது உங்களுக்கு வரும். நான் தேர்வு எழுதி, அழைப்புக்குறி வாங்கி, மைக்கைக் கையில் எடுத்த முதல் நாள் பெல்ஜியத்திலிருந்து ஒருவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அதற்கு நேர்மையான பதில் எது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். அதன்பிறகுதான் கணினி வழியாகப் பேசும் முறை ஒன்று இருப்பதைப் படித்தேன். கணினி ஒரு ஸ்வரம்போல எழுப்பும். செட் அதைக் காற்றில் அனுப்பும். பதினைந்து விநாடி நாம், அடுத்த பதினைந்து விநாடி அவர்கள். நம் பெயர், அவர் பெயர், கேட்கும் வலிமை, நன்றி, வணக்கம். வானிலை கிடையாது, முழங்கால் கிடையாது. இதைவிட நாகரிகமான உரையாடலை நான் கேள்விப்பட்டதே இல்லை. உங்களிடம் சொன்னபோது சிரித்தீர்கள். "அது ரேடியோவே இல்ல தூரி. ரெண்டு கம்ப்யூட்டர் ஒண்ணை ஒண்ணு மோந்து பாக்குது. நடுவுல நீ எதுக்கு?" என்றீர்கள். நான் நடுவில் இல்லாமல் இருப்பதுதான் அதன் சிறப்பு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

செட்டுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி வேண்டும். கணினியின் சத்தத்தைச் செட்டுக்குக் கொடுக்கும், செட்டின் சத்தத்தைக் கணினிக்குக் கொடுக்கும், கணினியிலிருந்து சத்தம் வந்தால் செட்டை அனுப்பும் நிலைக்குத் தானே தள்ளும். ஜெர்மனியிலிருந்து வரவழைத்தேன். கையேட்டில் "இணைக்கவும்" என்று ஒரே சொல் இருந்தது. நான் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறவள், ஆகையால் ஒரு சொல்லில் முடியும் விளக்கங்களை நம்புவதில்லை. நம்பாதது சரி என்று ஆயிற்று. பெட்டியைக் கணினியின் வலப்பக்கத் துளையில் செருகினால் கணினி அதை ஒரு ஆளாக வரவேற்கிறது. மறுநாள் இடப்பக்கத் துளையில் செருகினால் அதே பெட்டியைப் புது விருந்தாளியாக நினைத்து, பெயருக்கு முன்னால் இரண்டு என்று போடுகிறது. நான்கு துளைகளும் முடிந்தபோது ஒரே பெட்டி நான்கு பேராக இருந்தது, நிரல் அதில் இல்லாத ஆளிடம் பேசிக்கொண்டிருந்தது. ஒரு துளையைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றின்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். அடுத்து, புதுப் பெட்டி வந்த உற்சாகத்தில் கணினி தன் எல்லாச் சத்தங்களையும் அதன் வழியாகவே அனுப்பத் தொடங்கியது, எனக்கு மின்னஞ்சல் வரும்போதெல்லாம் செட் தானே விழித்து, ஒரு "டிங்" என்று ஐரோப்பா முழுவதற்கும் அறிவித்தது. அந்த வாரம் தேர்வுத்தாள் திருத்தும் வாரம். தலைமையாசிரியர் எத்தனை நினைவூட்டல் அனுப்புகிறார் என்பது லிஸ்பன் வரை தெரிந்திருக்கும்.

சத்தங்களையெல்லாம் அணைத்துவிட்டு அழைத்தேன். பதில் வந்தது. ஒரு போலந்துக்காரர், ஒரு இத்தாலியர், இரண்டே நிமிடத்தில் வந்தார்கள், போனார்கள், நான் வாய் திறக்கவே இல்லை. அண்ணா, நான் எழுந்து போய் ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகுதான் என் கல்வி குறுக்கே வந்தது. இந்த முறைக்குக் கணினியின் கடிகாரம் மிகச் சரியாக இருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. என் கணினியில் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகம். கப்பலைத் தவறவிடாமல் இருக்க நானே அப்படி வைத்திருந்தேன். அதுதான் வேலை செய்துகொண்டிருந்தது. இருந்தாலும் தவறான கடிகாரத்தை வைத்துக்கொண்டு சரியான விளைவைப் பெறுவது எனக்குப் பொறுக்கவில்லை. செல்போனில் வானொலிச் செய்தி கேட்டு, மணி அடித்த கணத்தில் கையால் திருத்தினேன். அதன்பின் ஒரு வாரம் ஒருவரும் பதில் சொல்லவில்லை. காரணத்தைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது: ஐந்து நிமிடம் என்பது பதினைந்து விநாடிகளாகச் சரியாக வகுபடும், ஆகவே தாளம் தப்பவில்லை, செல்போன் வானொலியோ நிஜ நேரத்துக்குச் சில விநாடி பின்தங்கி வருகிறது, அந்தச் சில விநாடியில் தாளம் கெட்டது. ஐந்து நிமிடம் தப்பான கடிகாரம் சரி, சரியாக வைத்த கடிகாரம் தப்பு. இதைப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை.

கடிகாரத்தைத் திரும்பவும் ஐந்து நிமிடம் வேகமாக வைத்து, இந்த முறை செட்டின் வலிமையைச் சற்றுக் கூட்டி அழைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் நடந்தது. நம் ஏரியல் கம்பியின் மறுமுனை பக்கத்து வீட்டு எல்ஸ்பாவின் இறைச்சி உலர்த்தும் கொட்டகையில் கட்டியிருப்பது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் கட்டினீர்கள், அதற்காக அவளுடன் சண்டையும் போட்டீர்கள். எல்ஸ்பா தன் படுக்கைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு விளக்கு வாங்கி வைத்திருக்கிறாள். கையால் தொட்டால் எரியும், மறுபடி தொட்டால் அணையும் வகை. என் அலை அதைத் தொட்டது. நான் அனுப்பும்போதெல்லாம் அவள் விளக்கு எரியும், அடுத்த முறை அணையும். உங்களுக்கு இந்த ஊர் மறந்திருக்காது, இங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அவள் ரப்பர் பூட்ஸுடன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"ஏண்டி தூரி, என் வீட்டு விளக்கோட உனக்கு என்ன சண்டை? எரியுது, அணையுது, எரியுது, அணையுது. செத்துப்போன மனுஷன்தான் கூப்பிடறானோன்னு ஒரு நிமிஷம் உக்காந்திருந்தேன். அப்புறம் தோணிச்சு, அவன் உசிரோட இருந்தப்பவே ஒரு விளக்கை அணைச்சதில்ல, இது அவனா இருக்காது. நேரா இங்க வந்துட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்காமல் திரையைப் பார்த்தாள். நம் தீவுகளிலிருந்து அழைப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அதனால் ஒருமுறை அழைத்தால் ஐரோப்பா முழுவதும் வரிசையில் நிற்கிறது. திரை முழுக்கச் சிவப்பாகப் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இது என்ன, இவ்ளோ பேரு?"

"என்னைக் கூப்பிடறாங்க."

"இத்தனை ஆம்பளைங்களா? உன்னையா?" என்று கேட்டு, என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாம். என் சத்தம் எவ்வளவு நல்லா கேக்குதுன்னு அவங்க சொல்லுவாங்க. அவங்க சத்தம் எவ்வளவு நல்லா கேக்குதுன்னு நான் சொல்லுவேன். அப்புறம் போயிடுவாங்க."

"அவ்ளோதானா? எங்க கல்யாணத்துல கடைசி பத்து வருஷம் இப்படித்தாண்டி போச்சு." காபியைத் தானே ஊற்றிக்கொண்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேசைமேல் முழங்கையை வைத்து உட்கார்ந்தாள். "சரி, நீ பாட்டுக்கு நோண்டிட்டிரு. உனக்குச் சேதி தெரியுமா? நம்ம புதுப் போதகர்..."

அந்த முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி உங்கள் பழைய மைக் இருந்தது. செட்டில் பேச்சுக்கென்று ஒரு நிலை இருக்கிறது, கணினிக்கென்று வேறொரு நிலை இருக்கிறது. கணினி நிலையில் வைத்தால் மைக் செத்துப்போகும். நான் பேச்சு நிலையிலேயே விட்டிருந்தேன். ஆகவே செட் அனுப்பிய ஒவ்வொரு பதினைந்து விநாடியும் என் ஸ்வரங்களுடன் சேர்ந்து எல்ஸ்பாவும் போனாள். செட் கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு பதினைந்து விநாடியும் அவள் சொன்னது என் வீட்டோடு நின்றது. பேசாமல் இருப்பதற்காகவே இத்தனை கம்பி கட்டியவள் வீட்டிலிருந்து வாவுரின் மிகப் பெரிய குரல் கிளம்பிப் போயிருக்கிறது. அன்று மாலை ஸ்காட்லாந்திலிருந்து ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்: உங்கள் ஒலிக்கு அடியில் ஒரு பெண் கோபமாகப் பேசுவது கேட்கிறது, உதவி ஏதாவது தேவையா? அதைப் படித்த பிறகுதான் செட்டின் நிலையைப் பார்த்தேன்.

இப்போது போகாத பாதியைச் சொல்கிறேன். புதுப் போதகர் கோபன்ஹேகன்காரர். காற்று நன்றாக வரட்டும் என்று வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் பட்டப்பகலில் குளிக்கப் போகிறவர். குளித்துவிட்டுத் துண்டோடு கூடத்துக்கு வந்தால் அங்கே ஒரு கடா நிற்கிறது. வெளித் தோட்டத்தில் ருபார்ப் தண்டுகளைத் தின்று முடித்துவிட்டு, உள்ளே வந்து, பாட்டுக்குழுவுக்கென்று அடுக்கி வைத்திருந்த தாள்களை மென்றுகொண்டிருக்கிறது. போதகர் கொம்பைப் பிடித்து இழுக்கிறார். கடா நகரவில்லை. துண்டு கடாவின் கொம்பில் மாட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில்தான் எல்ஸ்பாவும் பாட்டுக்குழுப் பெண்களும் நம் ஊர் வழக்கப்படி தட்டாமல் உள்ளே நுழைகிறார்கள். போதகர் கடாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். "அவ்ளோ பெரிய கடா இல்லடி அது," என்று எல்ஸ்பா வருத்தத்துடன் சொன்னாள். அதுவும் காற்றில் ஏறவில்லை. முழுக்கதையிலும் கடா என்ற சொல் வந்த இடங்களெல்லாம் செட் கேட்டுக்கொண்டிருந்த விநாடிகளிலேயே விழுந்திருக்கின்றன, நான் கணினியில் உள்ள அன்றைய நேரப் பதிவையும் அவள் பேச்சையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். போனதெல்லாம் "அவன்" மட்டும்தான். நம் மொழியில் கடாவும் அவன், படகும் அவன், போதகரும் அவன். யோக்குப்பைக் குறை சொல்ல மாட்டேன். வெளியூரில் நெடுநாள் இருந்தால் கடாவின் நினைவு முதலில் வராது.

கடைசித் துண்டையும் சொல்லிவிடுகிறேன். எல்ஸ்பாதான் கடாவைக் காதைப் பிடித்து வெளியே தள்ளினாள். அப்போது காதைப் பார்த்திருக்கிறாள். வலக்காதில் நுனி வெட்டு, இடக்காதில் பிளவு: உங்கள் ஆடுகளின் அடையாளம். "அவன் ஹோக்னியோட கடாடி" என்றுதான் சொன்னாள். 'ஹோக்னியோட' வரை நார்வேக்குப் போயிற்று.

ஆகவே அண்ணா, குடும்பப் பெயர் கெட்டது உண்மைதான். ஆனால் அதைக் கெடுத்தவன் மேய்ச்சல் மலையில் இருக்கிறான், ஊர் மந்தையில் இன்னும் உங்களுக்குள்ள பங்கைச் சேர்ந்தவன். போதகர் கடாவின் சொந்தக்காரரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். காதைப் பார்த்தது எல்ஸ்பா மட்டும், கேட்டது நான் மட்டும். நான் பேசுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். திருவிழாவுக்கு வாருங்கள், செட்டைப் பாருங்கள், இரண்டு நாள் பக்கத்தில் உட்காருங்கள். அலை கண்ட இடத்துக்குச் சிதறாமல் இருக்கக் கேபிளில் கறுப்பு வளையங்கள் மாட்டியிருக்கிறேன், வலிமையையும் குறைத்துவிட்டேன், எல்ஸ்பாவின் விளக்கு இப்போது அவள் சொல்வதைத்தான் கேட்கிறது. செட் கணினி நிலையில் இருக்கிறது. மைக்கைக் கழற்றி மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டேன். மாலையில் பள்ளியிலிருந்து வந்ததும் செட்டைப் போடுகிறேன். யாரோ ஒருவர், பெயர்கூட முழுதாகத் தெரியாத ஒருவர், என் ஒலி இன்ன வலிமையில் கேட்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு அது போதுமாக இருக்கிறது. செட்டைக் காரில் ஏற்றாதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பு. ரோய் கிரீன்லாந்திலிருந்து திரும்பியதும் அவனிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம். உங்கள் கப்பலுக்குக் கடல் பதமாக இருக்கட்டும், திருவிழா மூன்று நாளும் மழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்யட்டும்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
தூரி

பி.கு.: உறை ஒட்டுவதற்கு முன் எல்ஸ்பா வந்தாள். வழக்கம்போலத் தட்டவில்லை. நான் அஞ்சல்தலை தேடிக்கொண்டிருந்தபோது நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டாள். "இவ்ளோ தாளு எதுக்குடி? அந்த நார்வேக்காரனைக் கூப்பிடு, நானே சொல்றேன்" என்றாள். மைக் பூட்டியிருக்கிறது என்றேன். சாவி எங்கே இருக்கிறது என்பதும் இந்தக் கடிதத்தைப் போலவே அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அழைப்புக்குறியைச் சொன்னேன், யோக்குப் கிடைத்தார், அவள் முழுக்கதையையும் நடுவில் ஒரு மூச்சும் விடாமல் சொன்னாள். கடா, துண்டு, காது, யாருடைய காது, எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஷெட்லாந்தில் பணியாற்றும் போதகர், நம் போதகருடன் படித்தவராம். ஆகையால் மேலே நான் வாக்களித்த ரகசியத்தை எண்ணி நீங்கள் எதையும் முடிவு செய்ய வேண்டாம், அது இப்போது ரகசியம் இல்லை. ஆறு பேர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொரு ஞாயிறும் வருகிறேன் என்று எல்ஸ்பா சொல்லிவிட்டாள். நடுவில் அவள் காபி ஊற்றப் போன இடைவெளியில் யோக்குப் என்னை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன். பிறகு வானிலை பற்றியும் கொஞ்சம் பேசினேன். பெட்டி, கேபிள், கறுப்பு வளையம் எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டோம், அவள் காபிக்கோப்பை வைக்க மேசையில் இடம் போதவில்லை. செட் உங்களுக்கு வேண்டுமென்றால் தாராளமாக வாருங்கள். எல்ஸ்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.